புதுப்பிப்பு: ஹெத் வின் குடும்பம் என்ன ஆனது?

வேல்ஸ் கவிஞர் ஹெத் வின் பற்றி முன்பு எழுதியிருந்தேன். 1917 செப்டம்பரில் பர்க்கன்ஹெட் கவிதை விழாவில் வென்றவர் பெயரை அழைத்தபோது, அவர் ஜூலை 31 அன்றே முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் பில்கெம் முகட்டில் இறந்துவிட்டார் என்று தெரியவந்தது. வென்ற கவிஞருக்குப் பரிசாகத் தரும் நாற்காலிக்குக் கறுப்புத் துணி போர்த்தினார்கள். குடும்பம் என்ன ஆனது என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

எல்லிஸ் எவன்ஸ் என்பதுதான் இயற்பெயர். டிரவ்ஸ்வனித் ஊர்ப்பக்கம் அர் அஸ்கூர்ன் என்ற பண்ணை வீட்டின் மூத்த பிள்ளை, ஆடு மேய்த்தவர். வீட்டிலிருந்து ஒருவர் போயாக வேண்டும் என்ற நிலையில், தம்பி பாப் போகாமலிருக்கத் தானே பட்டாளத்தில் சேர்ந்தார். மார்ச் மாதம் உழவுக்காக விடுப்பில் வந்தவர், பரிசுக் கவிதையை எழுதுவதிலேயே மும்முரமாக இருந்தார்.

அப்புறம் அந்த நாற்காலி. அதைச் செதுக்கியவர் யூஜின் வான்ஃப்ளெட்டரன், போருக்குத் தப்பி வந்த பெல்ஜியக்காரர். கவிஞர் புதைக்கப்பட்டதும் பெல்ஜியத்தில்தான். இந்தப் பொருத்தத்தை நானாகக் கற்பனை செய்திருந்தால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

1923இல் ஊரில் சிலை வைத்தார்கள். திறந்து வைத்தவர் அம்மா மேரி. சிலையில் பட்டாள உடுப்பு கிடையாது, இடையன் கோலம்தான். எனக்கு அதுதான் சரியென்று படுகிறது.

வீட்டை வருபவர்களுக்குத் திறந்தே வைப்பேன் என்று பாட்டி மேரிக்கு வாக்குக் கொடுத்தவர் ஜெரால்ட் வில்லியம்ஸ். ஹெத் வின் அவருக்குத் தாய்மாமன், நேரில் பார்த்ததில்லை. பல்லாண்டுகள் நாற்காலியைத் தானே காட்டி வந்தார். 2012இல் ஸ்னோடோனியா தேசியப் பூங்கா நிர்வாகம் வீட்டை வாங்கியது. ஜெரால்ட் 2021இல் காலமானார்.