அப்பாட 64 பீட்டில்: கல் லுக் செய்யவா, இல்ல இருக்கிறபடியே விடவா?

வெள்ளவத்தை சுதன்:

வணக்கம். கன நாளா சும்மா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இண்டைக்குத்தான் முதல் தரம் எழுதுறன்.

அப்பாட வொக்ஸ்வாகன் பீட்டில் ஒண்டு வீட்டில நிக்குது. சிஆர் புக்ல, அதான் கார்ப் பதிவுப் புத்தகத்தில, 1964 எண்டு கிடக்கு, 1200 எஞ்சின், 6 வோல்ட். அப்பா போய் ரெண்டு வருசம். கடைசி அஞ்சாறு வருசமா அவரும் ஓடேல்ல, கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிசம் விட்டிட்டு கதவைச் சாத்திப்போட்டு வந்து பேப்பர் வாசிப்பார். எங்கட ஒழுங்கை ரெயில் பாதைக்குக் கிட்ட, கடல் காத்து நேர அடிக்கும், அதால கறள் எங்க இருக்கு எண்டு கேக்கிறத விட எங்க இல்லை எண்டு கேக்கிறது சுகம்.

காரப் பாத்தா சிரிப்பு வரும். வெளியில வெள்ளை, அதுவும் பிறஷால அடிச்ச வெள்ளை, பின் மட்காட்டில பிறஷ் தும்பு ஒண்டு பெயின்டோட சேந்து காஞ்சு இப்பவும் அப்பிடியே ஒட்டிக்கொண்டிருக்கு. பின் லைட் ரெண்டும் பெரிய வட்ட லைட், 64க்கு வந்தது இல்லை. பம்பரும் பிந்தின மொடல்ட பட்டைப் பம்பர், பிராக்கெட்ட வெட்டி ஒட்டியிருக்கு. டாஷ்போர்டுக்கு மண்ணிறத்தில ரெக்சின் ஒட்டி ஓரத்துக்குக் குமிழ் ஆணி அடிச்சிருக்கு, கதிரைக்கு அடிக்கிற மாதிரி. எஞ்சின் மூடி சாத்துப்படாம ஒரு ரப்பர் துண்டு செருகியிருக்கு, இழுத்துப் பாத்தா பழைய பாட்டா செருப்பிட குதிப் பக்கம்!

எனக்கு இன்ஸ்டாவில கல் லுக் எண்டுற கலிபோர்னியா ஸ்டைல் பீட்டில் பாத்துப் பாத்து பைத்தியம் பிடிச்சுப்போச்சு. முன்பக்கம் ரோட்டுக்குக் கிட்டப் பதிச்சு, பம்பர் இல்லாம, குறோம் கோடெல்லாம் கழட்டி, ஒரே கலர், நல்ல ரிம். கல் லுக் செய்யப்போறன் எண்டு அம்மாவிட்ட சொன்னன், அவ கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு "கல்லு மாதிரி எண்டா சாம்பல் கலரோ தம்பி" எண்டு கேட்டா.

இங்க ஆராவது அப்பிடிச் செய்து கொழும்புக்குள்ள ஓடுறீங்களோ? இந்த லைட், பம்பர், ரெக்சின் எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சிட்டு 64 மாதிரி ஆக்கிப்போட்டுத்தான் தொடங்கவேணுமோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனைப் பழசு:

தம்பி சுதன், எறியிறதுக்கு முன்னாடி இந்தக் கிழவன் சொல்றத ஒரு தடவ கேளுங்க.

அந்தப் பெரிய வட்ட லைட் 73 மொடல்ல வந்தது, வெளிநாட்டுல யானைக்கால் லைட்டுன்னு சொல்வாங்க. அந்த நேரம் இங்க இறக்குமதி எப்படி இருந்திச்சின்னு உங்க அம்மாகிட்ட கேளுங்க. கார் என்ன, ஒரு பல்பு வாங்கவே நாலு பேருக்கிட்ட சொல்லி வைக்கணும், 77க்குப் பிறகுதான் கதவு திறந்தது. அப்போ 64 கார்ல யானைக்கால் லைட் இருந்தா அது சும்மா கிடைச்சதப் போட்டதுன்னு நெனைக்காதீங்க. எங்கயோ அடிபட்ட புது மொடல் ஒண்ணத் தேடிப் புடிச்சு, பேரம் பேசி, மட்காட்ட வெட்டிப் பொருத்தி, வயர் இழுத்து செஞ்ச வேல. ஏன்னா அன்னைக்கி ஸ்டைல்னா காரப் புதுசா காட்டுறது. பின்னாடி வர்றவனுக்கு 73 மொடல்னு தோணணும், அவ்வளவுதான். இப்போ உங்க வயசுப் பசங்க 73 காரக் கொண்டுவந்து சின்ன லைட் மாட்டி 64 மாதிரி காட்டுறீங்க. நாங்க முன்னால தள்ளினோம், நீங்க பின்னால தள்றீங்க, கார் பாவம் அதே எடத்துலதான் நிக்குது.

எங்க தெருவுல மூணு பீட்டில் நின்னிச்சி. ஒண்ணுக்கு பின் கண்ணாடியில குஞ்சம் வச்ச திரை, டாஷ்போர்டுல தலையாட்டுற நாய் பொம்ம. இன்னொண்ணுக்கு டயர்ல வெள்ள வட்டம், அது வாங்கின வெள்ள இல்ல, சனிக்கிழம சனிக்கிழம அந்த வீட்டுப் பையன் குந்திக்கிட்டு பெயின்ட் பூசுவான், மழ பேஞ்சா திங்கக்கிழம போயிரும். மூணாவது ஒரு பல் டாக்டரோடது, ஒண்ணுமே செய்யாம சுத்தமா வச்சிருந்தார், அத யாரும் திரும்பிப் பாக்கவே மாட்டோம்! பொறகு 80கள்ல ஒரு சீசன், கண்ட பீட்டில் எல்லாம் ஹெர்பி படத்துல வர்ற கார் மாதிரி 53 நம்பரும் செவப்பு நீலக் கோடும் அடிச்சிக்கிட்டுத் திரிஞ்சிச்சி. ஏப்ரல்ல நுவரெலியாவுக்கு மஹகஸ்தொட்ட ஹில் கிளைம்ப், அந்த மல ஏறுற கார் ரேஸ், பாக்கப் போனா, வேடிக்க பாக்க வந்த கார்லயும் நம்பர் இருக்கும், ஓடுறது எது நிக்கிறது எதுன்னு தெரியாது.

குமிழ் ஆணி அடிச்ச டாஷ்போர்ட் ஒரு போட்டோ போடுங்க தம்பி. அது தளபாடக் கடையில செட்டி, சோபாவுக்கு செய்ற குஷன் வேல மாதிரி தெரியுது, கார் குஷன்காரன் ஆணி அடிக்க மாட்டான்.

பஞ்சிகாவத்தைப் பையன்:

மச்சான் சுதன், அங்கிள் சொன்னது மனசுக்கு, நான் சொல்றது காருக்கு. வாப்பாட சாமான் கடையில வளந்தவன் நான், பீட்டில் கொண்டு வாறவன் முதல் கேக்கிறது ரிம், கடைசியாக் கேக்கிறது கறள். நீ மாத்திக் கேள்.

முதல்ல கார் உண்மையா 64தானான்னு பார். பின் சீட்டத் தூக்கு, நடு டனல்ல சேசிஸ் நம்பர் அடிச்சிருக்கும். 64 ஓகஸ்டுக்கு முன்னம் செஞ்சதுன்னா 7 இலக்கம். அதுக்குப் பொறகு 65 மொடல், 115ல தொடங்கிற 9 இலக்கம், கண்ணாடியெல்லாம் கொஞ்சம் பெரிசாகியிருக்கும். சீட்டத் தூக்கினதோட பற்றறிக்குக் கீழ விரலால குத்திப் பார், விரல் ரோட்டத் தொட்டா ரிம் கதைய ஒரு வருசத்துக்கு மறந்திரு.

கல் லுக்னா என்னன்னு நெறையப் பேருக்குத் தெரியாது, பதிச்சா கல் லுக்ங்கிறாங்க. அது 60கள்ட கடைசியில தென் கலிபோர்னியாவில ஆரஞ்ச் கவுண்டிப் பக்கத்துப் பையன்மார் செஞ்ச வேல. டிராக் ரேஸ், அதாவது நேர் பாதையில கொஞ்சத் தூரம் பாயிற ரேஸ், அதில ஓடுற பீட்டில் மாதிரி காரு ரோட்டுல ஓடணும், அதான் விசயம். பம்பரக் கழட்டினது பாரம் கொறைக்க, குறோம கழட்டினது ரேஸ் கார் மாதிரி தெரிய. அந்த ரேஸ் பைத்தியத்த ஏத்திவிட்டதில பெரிய பங்கு எம்பி (EMPI) எண்ட வொக்ஸ்வாகன் சாமான் கம்பெனிக்கு, ரிவர்சைட்ல வொக்ஸ்வாகன் ஏஜென்சி வச்சிருந்த ஜோ விட்டோன் தொடங்கினது. அவங்கட இன்ச் பின்ச்சர்னு ஒரு டிராக் பீட்டில், அந்தக் காலத்தில பெரிய ஸ்டார். ஸ்டைலுக்குப் பேரே பின்னாடிதான் வந்திச்சி, 1975ல ஹொட் விடபிள்யூஸ் மெகசின் கலிபோர்னியா லுக்னு எழுதினதில. அதனால ஒழுங்கா செய்றவங்க எஞ்சினுக்குத்தான் காசு கொட்டுவாங்க, ரெட்டை வெபர் கார்புரேட்டர், பெரிய பிஸ்டன். 34 குதிர 1200 எஞ்சின வச்சிக்கிட்டு பம்பர் இல்லாம திரிஞ்சா, ஜிம்முக்கே போகாதவன் சட்ட இல்லாமத் திரியிற மாதிரி இருக்கும் மச்சான், கோவிச்சுக்காத.

பதிக்கிறதப் பத்தி. உண்ட காரில முன்பக்கம் லிங்க் பின் பீம், ரெண்டு குழாய்க்குள்ள தகடு தகடா ஸ்பிரிங். பீம நடுவில வெட்டி அட்ஜஸ்டர் வெல்ட் பண்ணித்தான் பதிப்பாங்க, வெட்டினா வெட்டினதுதான். பின்பக்கம் வெட்டத் தேவல்ல. அங்க ஸ்பிரிங்குக்குப் பதிலா முறுகிக் குடுக்கிற கம்பி, டோர்ஷன் பார், அதுக்கு உள் முனையில 40 பல்லு, வெளி முனையில 44 பல்லு. உள்ள ஒரு பல்லு ஒரு பக்கம், வெளிய ஒரு பல்லு மத்தப் பக்கம் திருப்பினா ஒரு டிகிரியும் மாறாது, அவ்வளவு நுணுக்கமா எறக்கலாம், ஏத்தலாம். ஜெர்மன்காரன் ஸ்டைலுக்கு செஞ்சதில்ல, ஆனா இதவிட அழகான ஏற்பாடு நான் கண்டதில்ல. ஆனா உண்டது சுவிங் எக்சல், சில்லு மேல கீழ போனா அச்சும் சேந்து சாயும், பின்னால அதிகம் பதிச்சா சில்லு ரெண்டும் மேல உள்ளுக்கு சாஞ்சு டயர் உள் ஓரம் தின்னும். அதோட காலி வீதியில இருந்து உண்ட ஒழுங்கைக்குள்ள திரும்பிற எடத்தில ஒரு பம்ப் இருக்குமே, அத நெனச்சுப் பார்.

ரிம் வாங்க நெனச்சா, உனக்கு 5 போல்ட், போல்ட் ஓட்டை நிக்கிற வட்டம் 205 மில்லிமீட்டர். 68 மொடல்ல இருந்து அநேகமா 4 போல்ட், 130. போர்ஷே ஃபுக்ஸ் ரிம் 5 போல்ட்தான் ஆனா 130, அது உனக்கு அடெப்டர் இல்லாம ஏறாது. ஒருத்தர் அளக்காம ஒன்லைன்ல எடுப்பிச்சு, இப்ப நாலையும் வீட்டு வாசல்ல பூச்சட்டிக்குக் கீழ வச்சிருக்கார்.

இப்ப பாட்டா. உண்ட வாப்பா செஞ்சது தப்புன்னு சொல்ல மாட்டன், இந்த வெக்கைக்கு எல்லாரும் செஞ்சாங்க, மரக்கட்ட, சிரட்ட எல்லாம் நான் கண்டிருக்கன். ஆனா இந்த எஞ்சினுக்கு நல்ல காத்து வாறது பின் கண்ணாடிக்குக் கீழ இருக்கிற வெட்டால. எஞ்சினச் சுத்தித் தகரம், தகரத்துக்கும் பொடிக்கும் நடுவில ஒரு ரப்பர் பட்டி. மேல குளிர்ந்த காத்து, கீழ எஞ்சின் கக்கின சூடு, ரெண்டும் கலக்காம அந்தப் பட்டிதான் பிரிக்குது. மூடியக் கீழ்ப்பக்கம் தெறந்து வச்சா கீழ இருக்கிற சூட்ட ஃபேன் திரும்ப உறிஞ்சக்கூடும். 60 வருச ரப்பர் இருந்தா என்ன இல்லாட்டி என்ன, கருவாடாகியிருக்கும், அத மாத்து. ஃபேன் பெல்ட் பார். ஒயில் ரெண்டரை லீட்டர்தான், ஃபில்டரும் கெடையாது, சல்லடை மட்டும், அதனால அடிக்கடி மாத்து. மூணாம் சிலிண்டருக்கு வாற காத்த ஒயில் கூலர் மறைக்கும், இந்த மொடல்ல அதுதான் முதல்ல வேகுறது. 71 மொடல்லதான் கூலரத் தள்ளி வச்சாங்க. இதெல்லாம் சரி பண்ணி ஒரு தடவ கடுகண்ணாவ ஏத்தம் ஏறி எறங்கு, பொறகு ரிம் பேசுவம்.

தெஹிவளை ரம்யா:

சுதன் தம்பி, நான் பட்ட பாட்டையும் சொல்லுறன், உதவும்.

எங்கட 69, நிமிந்த ஹெட்லைட் மொடல். கலியாணம் முடிச்ச புதுசில அவருக்கு மெட் பிளாக் ஆசை, அப்ப எல்லாரும் அதுதானே. அடிச்சம். ரெண்டு மாசம் வடிவு, பிறகு மழைத் துளி காஞ்ச அடையாளம், பூனை நடந்த அடையாளம், நான் கை வச்ச அடையாளம், எல்லாம் அழியாம இருந்துது, பொலிஷ் போட்டா அந்த இடம் மட்டும் மினுங்கும். மத்தியானம் பார்க் பண்ணிட்டு வந்தா ஸ்டியரிங்ல கை வைக்கேலாது. ஒருநாள் பம்பலப்பிட்டிச் சந்தியில சிக்னல்ல நிக்க முன் மட்காட்டில இருந்து ஒரு கட்டி பட்டி, பள்ளம் நிரப்பப் பூசுற பசை காஞ்சது, பொத்தெண்டு விழுந்துது, ஒரு விரல் தடிப்பு இருக்கும். ஆர் டிங்கரிங் செய்தது எண்டு சொல்ல விரும்பேல்ல. ஆனா தகரம் வச்சு ஒட்டவேண்டிய இடத்தில பட்டி அப்பியிருக்கினம். பின்னால நிண்ட முச்சக்கரவண்டிக்காரர் இறங்கி அதைப் பொறுக்கி, என்ர கையில தந்திட்டுப் போனார்.

இப்ப வெளிர் பச்சை, வெள்ளைச் சுவர் டயர், மேல மரக் கேரியர், அதில ஒரு பழைய தோல் சூட்கேஸ். சூட்கேஸ் வெறும் பெட்டிதான், உள்ளுக்கு ஒண்டுமில்லை. இதுதான் இப்ப ஓடுற ஸ்டைல், ஏனெண்டா வெட்டிங் ஷூட்காரருக்கு இதுதான் வேணும். ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய நம்பர் பிளேட் இருந்தா இன்னும் சந்தோசம். உண்மையச் சொன்னா எனக்கு அலுத்துப்போச்சு, எங்க பாத்தாலும் வெளிர் பச்சை பீட்டிலும் காலி சூட்கேசும். 2020 மார்ச்சில வாகன இறக்குமதி நிப்பாட்டி 2025 தொடக்கத்திலதான் திரும்ப விட்டவை, அதுக்குள்ள பழைய கார் வச்சிருந்த எல்லாரும் ராசாதான், கறள் பிடிச்ச கதவுக்கும் விலை சொல்லுவினம். அதால ஒண்டையும் எறியாதேங்கோ. கழட்டுறதப் பேப்பரில சுத்தி, எந்தப் பக்கம் எண்டு எழுதி வையுங்கோ.

ரெக்சின ஒரு மூலையில மட்டும் கிளப்பிப் பாருங்கோ. அந்தக் காலக் காருக்கு டாஷ்போர்ட் பொடி கலர்தான், வெயில் படாம உள்ள ஒரிஜினல் பெயின்ட் கிடக்கும்.

வெள்ளவத்தை சுதன்:

எல்லாருக்கும் பெரிய நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீங்கள் எண்டு நினைக்கேல்ல.

ஞாயிறு காலமை சீட்டத் தூக்கினன், நம்பர் 7 இலக்கம், அப்ப 64தான். பற்றறிக்குக் கீழ குத்தினன். பஞ்சிகாவத்தை மச்சான், விரல் போச்சு. ரோட்டைத் தொடேல்ல, வீட்டுச் சீமெந்து நிலத்தைத் தொட்டுது. சரி, ரிம் கதை முடிஞ்சுது.

ரம்யா அக்கா சொன்னபடி ரெக்சின்ல அஞ்சு குமிழ் ஆணி கழட்டினன். உள்ளுக்குப் பச்சை! ஜாவா கிறீன் எண்டு நினைக்கிறன், 64ல அந்தக் கலர் இருந்தது. பிறகு முன் பொனட்டுக்குள்ள ஸ்பெயார் டயருக்குப் பின்னால தண்ணித் தாள் போட்டு ஒரு சதம் அளவுக்கு உரசினன், மேல வெள்ளை, அதுக்குக் கீழ மெரூன், அதுக்குக் கீழ ஒரு நீலம், பிறகு பச்சை, மரம் வெட்டின வட்டம் மாதிரி. மெரூன் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கு, கலியாணத்துக்கு வந்த கலர் அதுதானாம். நீலம் ஒருத்தருக்கும் தெரியாது.

கொட்டாஞ்சேனை ஐயா, நீங்க சொன்னது சரி. செட்டி குஷன் செய்த ஒருத்தர்தான் டாஷ்போர்ட் செய்தவராம், அப்பாட சிநேகிதர், காசு வாங்கேல்லையாம். லைட்டைப் பற்றிக் கேட்டன், அதுக்கு மட்டும் அம்மா முகத்தை ஒரு மாதிரி வச்சுக்கொண்டு "அந்த லைட்டுக்குத்தான் என்ர ஒரு சோடிக் காப்பு போனது" எண்டா. இனி நான் அதைக் கழட்டுவனோ?

முடிவு: முதல்ல தகரம், பிறகு எஞ்சின் ரப்பர், பிறகு பச்சைக் கலர். லைட் அப்பிடியே இருக்கும், பம்பர் கழட்டிச் சுத்தி வைக்கிறன். முன் பீமை வெட்டேல்ல, பின்னால மட்டும் ஒரு பல்லு பிறகு பாப்பம். அம்மாவுக்கு சீலையோட ஏற இறங்கச் சுகமா இருக்கவேணும் எண்டுறதுதான் முதல் நிபந்தனை. பச்சைக் காருக்கு யானைக்கால் லைட் பொருந்துமோ எண்டு ஆரும் கேக்காதேங்கோ.

பாட்டாத் துண்டை இழுத்து எடுத்திட்டன். குப்பையில போடப் போக அம்மா வாங்கிக் கழுவி வெயில்ல வச்சிருக்கிறா.

பஞ்சிகாவத்தைப் பையன்:

ரப்பர் பட்டி கடையில இருக்கு, ஆனா ரெண்டு வகை, போட்டோ அனுப்பு, பாத்து சொல்றன். பற்றறித் தட்டுக்கு ரெடிமேட் தகரம் வாங்காத, தடிப்புக் கொறைவு, வெட்டி வளைச்சுத் தாற ஒருத்தர் இருக்கார்.

கொட்டாஞ்சேனைப் பழசு:

காப்ப வித்து வாங்கின லைட்டா! உங்க அப்பாவ நான் பாத்திருக்கணும் தம்பி. அது சரி, மத்தப் பாட்டா எங்க?