‘லாவகம்’ என்ற சொல் குறித்து உதவி தேவை

அன்புள்ள குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். கைத்தொழில் செய்வோரின் வழக்குச் சொற்களைத் தொகுத்து வரும் நான், ‘லாவகம்’ என்ற சொல்லுக்கான பதிவில் உங்கள் உதவியை நாடுகிறேன். வடமொழியில் இலேசு என்று பொருள்படும் ‘லகு’வின் அடியாகப் பிறந்த ‘லாகவம்’ என்பதே, எழுத்து இடம் மாறி நம் பேச்சில் ‘லாவகம்’ ஆகியிருக்கிறது. வடமொழி இலக்கணத்தில் அது சொற்சுருக்கத்தைக் குறிக்கும். அரை மாத்திரை, அதாவது ஒரு குற்றெழுத்தை ஒலிக்கும் நேரத்தில் பாதி, மிச்சமானால் மகன் பிறந்ததைப் போல மகிழ்வார்கள் என்று இலக்கணிகளைப் பற்றி ஒரு பழமொழியே உண்டு.

தமிழிலோ இது பெரும்பாலும் உடலசைவுக்கு உரிய சொல். பூக்கட்டும் பெண் இரண்டு மல்லிகையை இப்படியும் இரண்டை அப்படியும் வைத்து, காம்புகளை நாரால் சுற்றி, விரலிடுக்கில் சுருக்கிட்டு இழுப்பதில் வேகத்தைவிட லாவகமே முதலில் கண்ணில் படுகிறது. செய்தித்தாள்களில் பாம்பு பிடிப்பவர்களுக்கே இச்சொல்லை எழுதிக் கொடுத்துவிட்டார்கள் போலும். கேள்வியை லாவகமாகத் தவிர்த்தார் என்னும்போது மட்டும் பாராட்டுடன் சற்றுக் கள்ளத்தனமும் கலந்துவிடுகிறது.

நான் அறிய விரும்புவது இதுதான்: நெசவு, மீன்பிடி, பனையேற்றம், மண்பாண்டம் ஆகிய தொழில்களில் இதே பொருளுக்கு ‘வாகு’, ‘கைவாகு’ போன்ற சொற்களில் எவை உங்கள் ஊரில் வழங்குகின்றன? ‘லாகவம்’ என்ற பழைய வடிவத்தையே இன்றும் பேச்சில் சொல்பவர்கள் இருக்கிறார்களா? ஊர், தொழில், சொல் வழங்கும் முழு வாக்கியம் ஆகியவற்றுடன் பதிலளித்தால் பேருதவியாக இருக்கும்; இலங்கை உறுப்பினர்களின் வழக்குகளையும் ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்.