கேஐ-67 ஆன்டிபாடி: எந்த குளோன், எந்தத் திசு, என்ன வந்தது?

சென்ட்ரிஃபியூஜ்

கேஐ-67 என்பது பிரியும் செல்லின் கருவில் இருக்கும் புரதம். செல் பிரிகிறதா இல்லையா என்று பார்க்க, அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியால் கேஐ-67 ஸ்டெயின் போடாத ஆய்வகம் அரிது: புரதம் இருக்கும் கரு பழுப்பு, இல்லாதது நீலம். ஆனால் எந்த குளோன் (ஆன்டிபாடியைத் தரும் ஒரே செல்லின் வாரிசு) என்று கேட்டால் பாதிப் பேர் ஃப்ரிட்ஜைத் திறந்து குப்பியைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார்கள். அவரவர் கண்டதை இங்கே எழுதுங்கள். முதலில் நானே தொடங்குகிறேன்.

எங்கள் தளத்தில் இருக்கும் இன்னொரு குழுவினர் மனித மார்பகப் புற்றுச் செல்களை, எதிர்ப்பாற்றல் இல்லாத சுண்டெலிகளில் வளர்த்து வந்தார்கள். அந்தக் கட்டியின் செக்ஷன்களில் (மெல்லிய சீவல்கள்) எம்ஐபி-1 குளோன் அருமையாக வேலை செய்தது. கட்டியின் கருக்கள் பழுப்பு, சுற்றியுள்ள சுண்டெலித் திசு நீலம். என்ன சுத்தமான ஸ்டெயின் என்று எல்லோரும் பாராட்டினார்கள். அப்புறம் வந்த மாணவி 4டி1 கட்டிகளுக்கு மாறினார். அது சுண்டெலியின் சொந்தப் புற்றுச் செல், பால்ப்-சி சுண்டெலியில் வளர்வது. அதே குப்பி, அதே டைல்யூஷன் (நீர்த்த அளவு), அதே சிட்ரேட் பஃபர். ஸ்லைடு முழுக்க வெறும் நீலம். மருந்து கொடுத்த சுண்டெலியிலும் அப்படித்தான், கொடுக்காததிலும் அப்படித்தான்.

என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். 40எக்ஸ் லென்ஸை வைத்ததுமே கண்ணில் பட்டுவிட்டது: குரோமோசோம்கள் நடுக்கோட்டில் வரிசை கட்டி நிற்கும் செல்கள், பக்கத்திலேயே இரண்டு முனைக்கும் இழுபட்டுக்கொண்டிருக்கும் செல்கள். கண்ணெதிரே பிரிந்துகொண்டிருக்கும் செல்லில் கேஐ-67 இல்லை என்றால் யார் நம்புவது? எம்ஐபி-1 மனிதப் புரதத்தைப் பிடிக்கும், சுண்டெலியினுடையதைப் பிடிக்காது. முதலில் பாராட்டு வாங்கித் தந்த அந்த நீலமும் இதனால் வந்ததுதான். எஸ்பி6 குளோன் வாங்கிப் போட்டதும் அதே பிளாக்கில் (மெழுகில் பதித்த திசு) கருக்கள் பழுப்பாக வந்தன. அது முயலில் செய்த மோனோகுளோனல் (ஒரே குளோனின் ஆன்டிபாடி) என்பதால், சுண்டெலித் திசுவின் மேல் சுண்டெலி ஆன்டிபாடி போட்டால் வரும் பின்னணி அழுக்கும் இல்லை.

பாரஃபின்

தம்பி, நான் பத்தாலஜி லேப் டெக்னீஷியன். எங்களுக்கு வருவது மனிதத் திசு, அதனால் இந்தத் தொல்லை கிடையாது. எங்கள் தொல்லை எல்லாம் ஆன்டிபாடியைத் தொடுவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

இந்த ஆன்டிபாடியின் கதையே அப்படித்தான். ஜெர்மனியின் கீல் நகரில் கெர்டெஸ் குழுவினர் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா (ஒரு வகை நிணநீர்ப் புற்று) செல்களின் கருக்களைச் சுண்டெலிக்குச் செலுத்தி, அந்த நோய்க்கே உரிய அடையாளம் ஒன்றைத் தேடினார்கள். கிடைத்ததோ பிரியும் செல் எதுவானாலும் காட்டிக்கொடுக்கும் ஆன்டிபாடி. 1983-இல் வெளியிட்டார்கள். ஊர்ப் பெயரும் 96 குழித் தட்டில் குளோனின் எண்ணும் சேர்ந்து பெயராகிவிட்டது. ஆனால் ஃப்ரோசன் செக்ஷனில் (உறைய வைத்துச் சீவிய திசு) மட்டும்தான் வேலை செய்தது. ஃபார்மலினில் ஊறிய பாரஃபின் பிளாக்குக்கு வழி பிறந்தது 1992-இல்: எம்ஐபி-1 குளோனும், செக்ஷனை பஃபரில் வைத்து மைக்ரோவேவில் சூடேற்றுவதும் சேர்ந்து வந்தபோது. நாங்கள் இப்போது பிரஷர் குக்கர் வைக்கிறோம். விஷயம் ஒன்றுதான், சூடு பத்தாவிட்டால் எண்ணிக்கை குறையும்.

நான் சொல்ல வந்தது வேறு. வெளி மருத்துவமனை ஒன்றிலிருந்து எலும்பு பயாப்சி பிளாக் வந்தது, லிம்ஃபோமா சந்தேகம். கேஐ-67 போட்டால் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். அதே ஸ்லைடின் ஓரத்தில் ஒப்பிட்டுப் பார்க்க கன்ட்ரோலாக ஒட்டியிருந்த டான்சில் துண்டு பாடப் புத்தகம் மாதிரி: ஜெர்மினல் சென்டரின் (வெள்ளணுக்கள் பெருகும் இடம்) ஒரு பாதி அடர்ந்த பழுப்பு, சுற்றியுள்ள வளையம் நீலம், மேல்தோலில் அடி வரிசைக்குச் சற்று மேலே பழுப்புக் கோடு. கன்ட்ரோல் சரியாக இருக்கிறது, ஆகவே ரிசல்ட்டும் சரி என்று எழுதிவிடலாம் போலத்தான் தோன்றும். எங்கள் டாக்டரம்மா விடவில்லை, போன் போட்டு விசாரித்தார். எலும்பை இளக்க வீரிய அமிலத்தில் நெடுநேரம் போட்டிருக்கிறார்கள். டான்சில் நம் ரீஏஜென்ட் சரி என்றுதான் சொல்லும். அந்த பிளாக் பட்ட பாட்டை அது எப்படிச் சொல்லும்? அதற்கு அந்தத் திசுவுக்குள்ளேயே இயல்பாகப் பிரியும் செல் ஏதாவது நிறம் பிடித்திருக்கிறதா என்று தேட வேண்டும். அன்று ஒன்றுகூட இல்லை. ‘மதிப்பிட இயலாது’ என்று ரிப்போர்ட் போனது.

ஊதாக்கரு

பாரஃபின் அண்ணன் சொன்னதற்கு நேர் எதிரான கூத்து ஒன்று உண்டு: இருக்கக் கூடாத இடத்தில் பழுப்பு. தைராய்டில் ஹயலினைசிங் டிராபெகுலர் கட்டி என்று ஒன்று. அதில் எம்ஐபி-1 போட்டால் கருவை விட்டுவிட்டு செல்லின் விளிம்பு பழுப்பாகும். வேறு கேஐ-67 குளோன் போட்டால் இது வராது. எம்ஐபி-1-ஐயே மெஷினில் 37 டிகிரியில் ஓட்டினாலும் காணாமல் போகலாம், அறை வெப்பத்தில் கையால் போட்டால் வரும். பிரிவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் பப்பில்லரி புற்றுநோய் மாதிரி வேஷம் போடும் இந்தக் கட்டியை இனம் காண இதையே பயன்படுத்துகிறோம். நான் பயிற்சியில் இருந்தபோது மெஷின் ஸ்லைடில் விளிம்பு வரவில்லை. சீனியர் மேடம் மேசைமேலேயே கையால் திரும்பப் போடச் சொன்னார், வந்தது.

மற்றபடி எங்கள் வயிற்றெரிச்சல், நூற்றில் எத்தனை கருக்கள் பழுப்பு என்ற சதவீதம்தான். குடல், கணையத்தில் வரும் நியூரோஎண்டோகிரைன் (ஹார்மோன் சுரக்கும் செல்) கட்டிகளில் 3-க்குக் கீழே கிரேடு 1, 3 முதல் 20 வரை கிரேடு 2, அதற்கு மேல் கிரேடு 3. பழுப்பு மங்கலான பத்துப் பதினைந்து கருக்களைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் கிரேடு மாறிவிடும். ஆரம்பநிலை மார்பகப் புற்றுக்கு அபெமாசிக்லிப் மருந்தை 2021-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்தபோது கேஐ-67 20 சதவீதமாவது இருக்க வேண்டும் என்றது. 2023-இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. என்னைக் கேட்டால் நல்லதாயிற்று.

ஜெல்லுக்குள்

வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் தேடுவது) ஆட்கள் யாரும் இல்லையா? சரி, நானே புலம்புகிறேன்.

கேஐ-67 பிரமாண்டமான புரதம். இரண்டு வடிவம், சுமார் 345-உம் 395-உம் கிலோடால்டன். நாம் ஓட்டும் சாதாரண மார்க்கரின் (அளவு தெரிந்த புரதக் கலவை) உச்சிப் பட்டையே 250தான். 10 சதவீத ஜெல்லில் போட்டால் கிணற்றை விட்டு இறங்கவே இறங்காது. எங்களுக்கு வந்த ஒரு பாலிகுளோனலின் (பல குளோன்கள் கலந்த ஆன்டிபாடி) டேட்டாஷீட்டில் அழகான ஒற்றைப் பட்டை. மேலும் கீழும் வெட்டிய படம், பக்கத்தில் அளவே போடவில்லை. நாங்கள் போட்டபோது 55-க்குப் பக்கத்தில் வந்தது. எஸ்ஐஆர்என்ஏ (ஒரு புரதம் உருவாவதைத் தடுக்கும் சிறு ஆர்என்ஏ) கொடுத்து கேஐ-67-ஐக் குறைத்துப் பார்த்தோம், பட்டை அசையவே இல்லை. வேறு ஏதோ புரதம். கம்பெனிக்கு எழுதினால் மாற்றுக் குப்பி அனுப்பினார்கள், அதுவும் 55.

கடைசியில் 3-8 சதவீத டிரிஸ்-அசிடேட் ஜெல், குளிர் அறையில் இரவு முழுக்க வெட் டிரான்ஸ்ஃபர், மெத்தனால் குறைவு, புரோட்டியேஸ் தடுப்பான் தாராளம், வேறு குளோன். அப்போதுதான் மார்க்கருக்கு மேலே இரட்டைப் பட்டை எட்டிப் பார்த்தது. எஸ்ஐஆர்என்ஏ தடத்தில் இரண்டும் மங்கின.

ஜி-பூஜ்ஜியம்

எஸ்ஐஆர்என்ஏ வசதி இல்லாதவர்களுக்கு: ஃபைப்ரோபிளாஸ்டுகளை (இணைப்புத் திசுச் செல்கள்) சீரம் இல்லாமல் பட்டினி போடுங்கள். செல் ஓய்வுக்குப் போனால் கேஐ-67 சிதைந்துவிடும், நல்ல நெகட்டிவ் கன்ட்ரோல். ஹீலாவை (ஆய்வகப் புற்றுச் செல்) பட்டினி போட்டுப் பயனில்லை, அது ஓய்வு தெரியாத சாதி. ஃப்ளோவில் (செல்களை ஒவ்வொன்றாக லேசரில் அளப்பது) டிஎன்ஏ அளவோடு சேர்த்துப் பார்த்தால், ஓய்வுச் செல்லும் பிரிவுக்குத் தயாராகும் ஜி1 செல்லும் ஒரே டிஎன்ஏ வைத்திருந்தாலும் கேஐ-67 பிரித்துக் காட்டும். இடையில் ஒரு மங்கல் கூட்டமும் வரும்: இப்போதுதான் ஓய்வுக்குப் போன செல்கள், புரதம் இன்னும் முழுதாகக் கரையவில்லை. அந்தக் கூட்டத்தை நடுவில் வெட்டி கேட் (எல்லைக்கோடு) போடுவதில்தான் எங்கள் ஆய்வகத்தில் சண்டை.

இன்னொன்று. கேஐ-67 குறைந்தது, ஆகவே பிரிவு நின்றது என்று எழுதலாம். கேஐ-67 குறைந்ததால் பிரிவு நின்றது என்று எழுதாதீர்கள். அந்த மரபணுவைக் கெடுத்த சுண்டெலிகள் பிறந்து வளர்ந்து நடமாடுகின்றன. 2016-இலேயே வந்த செய்தி. பிரிவின்போது குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மேலே போர்த்தியிருப்பதே அதன் வேலை என்று அதே ஆண்டு இன்னொரு குழு காட்டியது.

புதுமுகம்

எல்லாருக்கும் நன்றி. என்னிடம் இருப்பது ராட் (பெரிய எலி) குடல் பிளாக், குப்பியில் எம்ஐபி-1 என்று இருக்கிறது. போடலாமா அண்ணா?

சென்ட்ரிஃபியூஜ்

வேண்டாம். எம்ஐபி-1-ஐ மனிதத் திசு வைத்திருப்பவர்களிடம் கொடுத்துவிட்டு எஸ்பி6 வாங்குங்கள், அல்லது ராட்டுக்கு என்றே இருக்கும் எம்ஐபி-5. குடலில் ஒரு வசதி, தனிக் கன்ட்ரோல் தேட வேண்டியதில்லை. கிரிப்ட் (குடற்குழி) அடியில் பழுப்பும் வில்லஸ் (குடலுறிஞ்சி) நுனியில் நீலமும் வந்தால் எண்ணத் தொடங்குங்கள். நுனியும் பழுப்பாக வந்தால் டைல்யூஷனைக் கூட்டிவிட்டு இங்கே படம் போடுங்கள், பார்க்கலாம்.