உப்புக்காற்று அடிக்கும் வீட்டில் எந்த யூக்காவை நடலாம்?

கேள்வி: மணற்கரை வீடு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு குமரி மாவட்டத்தில் இராஜாக்கமங்கலத்திற்கும் மணவாளக்குறிச்சிக்கும் இடையில், கடலிலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் தொலைவில் இருக்கிறது. தென்னையும் பூவரசும் செழித்து நிற்கும் அதே மண்ணில், நான் ஆசைப்பட்டு வாங்கி வைத்த ரோஜாவும் குரோட்டனும் ஆண்டுதோறும் ஆனி, ஆடி மாதங்களின் உப்புக்காற்றில் இலை கருகிப் போகின்றன. ஆகவே காற்றையும் வெயிலையும் தாங்கும் யூக்கா என்னும் அழகுச்செடியை நடலாம் என்று எண்ணியிருக்கிறேன்.

சென்ற வாரம் ஒரு நாற்றுப்பண்ணைக்குச் சென்றபோது மூன்று வெவ்வேறு செடிகளைக் காட்டி, மூன்றுக்கும் யூக்கா என்றே பெயர் சொன்னார்கள். ஒன்றில், கறுப்புத் தொட்டியில் ஊன்றிய இரண்டு தடித்த கட்டைகளின் உச்சியில் வாள் போன்ற பச்சை இலைகள் குடுமியாக முளைத்திருந்தன. இன்னொன்று இடுப்பளவு உயரம்; இலையின் இரு ஓரங்களிலும் மஞ்சள் கரை ஓடியிருந்தது; நுனியைத் தொட்டதும் விரலில் இரத்தம் வந்துவிட்டது. மூன்றாவதற்குத் தண்டே இல்லை. தரையை ஒட்டி விரிந்திருந்த இலைகளின் ஓரத்தில் வெள்ளை நூல் பிரிந்து சுருண்டு தொங்கியது.

மேற்கு மதிலை ஒட்டி ஒன்று, வெளிக்கதவிலிருந்து வரும் 4 அடி அகல நடைபாதையின் ஓரத்தில் ஒன்று, கூடத்துச் சன்னல் அருகே ஒன்று என மூன்று இடங்களுக்குச் செடி வேண்டும். வீட்டில் 5 வயதுப் பையனும், எதைக் கண்டாலும் கடித்துப் பார்க்கும் நாயும் உண்டு. எதை எங்கே வைக்கலாம்?

கூடவே ஒரு சந்தேகம். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, அங்குள்ள கடைகளில் நம் மரச்சீனி (மரவள்ளி) கிழங்கைத்தான் யூக்கா என்று விற்கிறார்கள் என்கிறான். "காசு கொடுத்து மரச்சீனிக் கம்பா வாங்கி வரப்போகிறாய்?" என்று என் மாமியார் கேட்டுச் சிரிக்கிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

பதில் 1: நாகர்கோவில் மாடித்தோட்டம்

சகோதரி, நீங்கள் செடிகளை உற்றுப் பார்த்து எழுதியிருப்பதால் அடையாளம் சொல்வது எளிதாகிவிட்டது. கட்டையாக நின்றது யூக்கா ஜைஜான்டியா. எலிஃபன்டைப்ஸ் என்ற பழைய பெயரைச் சொன்னால்தான் பல பண்ணைகளில் புரியும். மெக்சிகோவிலும் நடு அமெரிக்காவிலும் மரமாக வளர்வது இது; நிலத்தில் விட்டால் 8 மீட்டரையும் தாண்டும்; வயது ஏற ஏற அடித்தண்டு யானைக்கால்போல் பருத்துவிடும். இலையின் நுனி வளைந்து கொடுக்குமே தவிரக் குத்தாது. எனவே, குழந்தை உள்ள வீட்டுக் கூடத்திற்கு இந்த ஒன்றைத்தான் நான் சொல்வேன்.

உங்கள் விரலைக் குத்தியது யூக்கா அலோயிஃபோலியாவின் மஞ்சள் கரை வகை. ஆங்கிலத்தில் இதை ஸ்பானிஷ் பேயனெட் என்று துப்பாக்கி முனைக் கத்தியின் பெயரால் அழைப்பதற்குக் காரணம் இனி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் உப்புக்காற்று என்றால் முதலில் நினைக்க வேண்டியதும் இதுவே. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாக் கரையிலும் கடலோர மணல்மேடுகளில் இயல்பாக வளரும் செடியாதலால், உங்கள் மேற்கு மதில் அதற்குப் பிறந்த ஊர் போலத்தான் இருக்கும். பச்சை மட்டுமே கொண்ட வகை மஞ்சள் கரை வகையைவிட விரைவாக வளரும். இதே கடலோரக் குடும்பத்தில் யூக்கா குளோரியோசா என்று இன்னொன்றும் உண்டு. அலோயிஃபோலியாவின் இலையோரத்தை விரலால் வருடினால் நுண்ணிய பற்கள் தட்டுப்படும். குளோரியோசாவில் ஓரம் பெரும்பாலும் வழுவழுப்பாக இருக்கும்.

இவ்விரண்டில் எதுவானாலும் நடைபாதையிலிருந்து குறைந்தது 5 அடி தள்ளி நடுங்கள். இலைநுனி 5 வயதுப் பிள்ளையின் கண் உயரத்தில் நிற்கும் என்பதை மறக்க வேண்டாம். நான் ஒவ்வோர் இலையின் நுனியையும் நகவெட்டியால் அரை சென்டிமீட்டர் நறுக்கிவிடுவேன். பார்ப்பதற்குக் கொஞ்சம் மொட்டையாக இருந்தாலும் செடிக்குக் கேடில்லை.

நூல் தொங்கிய மூன்றாவது செடி யூக்கா ஃபிலமென்டோசா. அதற்குத் தண்டு வளராது, உயரமும் அடங்கியே இருக்கும். நுனி கூர்மைதான் என்றாலும் இலை வளைந்து கொடுப்பதால் நடைபாதை ஓரத்திற்கு அது பொருந்தும்.

வாங்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். டிரசீனாவையும் கார்டிலைனையும் யூக்கா என்று சொல்லி விற்பதை நானே பார்த்திருக்கிறேன். டிரசீனாவின் இலை மெல்லியதாகத் துவண்டு தொங்கும். யூக்காவின் இலை விறைத்து நிற்கும், அகலவாட்டில் மடக்கினால் எதிர்க்கும். மாறாக, இலை சதைப்பற்றாகக் கனத்திருந்தால் அது ஆனைக்கற்றாழையின் இனம்.

பதில் 2: விளவங்கோட்டான்

மேலே அண்ணன் சொன்னவற்றுள் ஃபிலமென்டோசா பற்றிய ஆலோசனையை மட்டும் நான் ஏற்கத் தயங்குகிறேன். எங்கள் புரையிடம் (வீட்டுமனை) மார்த்தாண்டத்திற்கு மேற்கே இருக்கிறது. யூக்காவுக்குத் தேங்கிய தண்ணீர்தான் பகை என்று தெரிந்திருந்தும், சரல் (சரளை) மண்ணில் கடப்பாரையால் இரண்டடிக் குழி தோண்டி, மாட்டுச் சாணமும் மேல்மண்ணும் நிரப்பி, நான்கு ஃபிலமென்டோசாக்களை நட்டேன். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கியதும், இறுகிய சரலுக்குள் தோண்டிய குழி ஒரு கிண்ணமாகி நீரைப் பிடித்து வைத்துக்கொண்டது. முதலில் அடியிலைகள் மஞ்சளாயின. நீர் போதவில்லை என்று நினைத்து, மழை விட்டிருந்த நாட்களில் மேலும் ஊற்றினேன். அதுதான் நான் செய்த பெருந்தவறு. ஆடி முடிவதற்குள் நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தால் அழுகிய நாற்றத்தோடு கையோடு வந்துவிட்டது.

நம் மாவட்டத்திற்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மேற்கே இருக்கும் எங்களுக்கு இடவப்பாதியில் நனைந்த மண் முழுதும் காய்வதற்குள் துலா (வடகிழக்குப் பருவ) மழை வந்துவிடுகிறது. யூக்கா வறட்சியில் சாவதை இங்கே நான் பார்த்ததே இல்லை, ஈரத்தில்தான் செத்திருக்கிறது. அதே ஆண்டு, அதே விளையில், அதே மழையில், நட்ட ஜைஜான்டியா மட்டும் அசையாமல் நின்றது. அது ஈரமான வெப்பநாடுகளிலிருந்து வந்த இனம் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

இப்போது நான் குழியே தோண்டுவதில்லை. ஒன்றரை அடி உயரத்திற்கு மேடு கட்டி, அதன் உச்சியில் நடுகிறேன். தோட்டமண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, உடைந்த ஓட்டுச்சில்லும் செங்கல் சல்லியும் ஒரு பங்கு என்பது என் கலவை. தென்னைநார்க் கழிவு எளிதாகக் கிடைக்கிறதே என்று கலந்துவிடாதீர்கள். அது ஈரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கடற்கரை மணலையும் அள்ளிக் கலக்க வேண்டாம். காற்றிலுள்ள உப்பைத் தாங்கும் செடி வேரடியில் குவியும் உப்பையும் அப்படியே தாங்கும் என்று நினைப்பதற்கில்லை.

பதில் 3: தக்கலை தாவரவியல் ஆசிரியர் (ஓய்வு)

உங்கள் தம்பியும் பொய் சொல்லவில்லை, மாமியாரும் காரணமின்றிச் சிரிக்கவில்லை. கரீபியத் தீவுகளின் பழங்குடியினர் மரச்சீனிக்கு வழங்கிய பெயர்தான் யூகா. ஐரோப்பாவுக்கு முதன்முதலில் வந்த கத்தி இலைச் செடியை மரச்சீனி என்று தவறாக எண்ணி அப்பெயரை அதற்குச் சூட்டிவிட்டார்கள். பிறகு 1753-இல் தாவரவியலாளர் லின்னேயசு தம் நூலில் அதையே பேரினப் பெயராக நிலைநிறுத்திவிட்டார். இரண்டுக்கும் எவ்வித உறவும் இல்லை. மரச்சீனி ஆமணக்கின் குடும்பம். யூக்கா ஆனைக்கற்றாழைக்கு நெருங்கிய உறவு. அமெரிக்கக் கடையில் கிழங்குக்கு எழுதும் பெயரில் ஒரு 'சி' மட்டுமே இருக்கும், செடியின் பெயரில் இரண்டு இருக்கும். இணையத்தில் யூகாக் கிழங்கு சமையல் குறிப்பைப் படித்துவிட்டு யாரும் தோட்டத்து யூக்காவின் வேரைத் தோண்டிவிடக் கூடாது.

மரச்சீனியும் நம் மண்ணுக்கு அயலிலிருந்து வந்ததுதான். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா அதைப் பயிரிடப் பெரிதும் ஊக்கம் தந்தார். குமரி அப்போது திருவிதாங்கூரில் இருந்ததால், உங்கள் மாமியாரின் சமையலறைக்கு மரச்சீனி வந்து சேர்ந்த கதையில் அந்த அரசருக்கும் பங்குண்டு என்று அவரிடம் சொல்லுங்கள்.

நாயைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மற்றவர்கள் அதை விட்டுவிட்டார்கள். யூக்காவில் சபோனின் என்னும் நுரைக்கும் பொருள் இருக்கிறது. அமெரிக்கப் பழங்குடியினர் சில யூக்காக்களின் வேரை இடித்துச் சவர்க்காரமாகப் பயன்படுத்தியது இதனால்தான். நாயோ பூனையோ இலையை மென்று தின்றால் வாந்தியும் எச்சில் ஒழுகலும் ஏற்படக்கூடும். கடிக்கும் பழக்கம் உள்ள நாய் என்பதால், கூடத்துத் தொட்டியை அதன் வாய்க்கு எட்டாத முக்காலியின்மேல் வையுங்கள். கட்டை யூக்கா தலைக்கனம் உடையதாகையால் தொட்டி கனமான மண்தொட்டியாக இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். கேட்கப்படாததுதான், என்றாலும் வகுப்பறைப் பழக்கம் விடவில்லை. யூக்கா பூத்தால் வெண்மணிகளைக் கொத்தாகக் கட்டியதுபோல் இருக்கும். ஜைஜான்டியாவின் பூ எல் சால்வடோரின் தேசிய மலர், அங்கே அதன் இதழ்களைச் சமைத்தும் உண்கிறார்கள். ஆனால் பூத்ததும் விதைக்காகக் காத்திருக்காதீர்கள். யூக்காவின் மகரந்தத்தைத் திரட்டி உருண்டையாக்கிச் சூல்முடியில் திணிப்பது ஒருவகைச் சிறு அந்துப்பூச்சி. அதே பூவின் சூலகத்தில் அது முட்டையிடுகிறது, புழுக்கள் விதைகளில் ஒரு பகுதியைத் தின்று வளர்கின்றன. 1872-இல் ஜார்ஜ் எங்கெல்மன் கவனித்துச் சொல்ல, சார்லஸ் வேலன்டைன் ரைலி விரிவாக ஆராய்ந்த உறவு இது. அந்தப் பூச்சி நம் நாட்டில் இல்லாததால் இங்கே பூ பெரும்பாலும் வீணாக உதிர்ந்துவிடும். ஆனைக்கற்றாழை ஒருமுறை பூத்தவுடன் மடிவதுபோல யூக்கா மரம் மடிந்துவிடாது. ஃபிலமென்டோசாவில் பூத்த குருத்து மட்டும் காய்ந்து, பக்கக்கன்றுகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பதில் 4: ஆரல்வாய்மொழிக் காற்று

எங்கள் பக்கம் மழை குறைவு, காற்று மிகுதி. முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீலச்சாம்பல் நிற இலைகள் பந்துபோல் விரியும் யூக்கா ரோஸ்ட்ராட்டாவை இங்கே ஒரு தொட்டியில் வைத்திருக்கிறேன். டெக்சாசையும் வடக்கு மெக்சிகோவையும் சேர்ந்த வறள்நிலச் செடி அது. வளர்ச்சி ஆமை வேகம், விலையும் அதிகம், ஆகையால் கடலோரத்திற்கோ மேற்கிற்கோ அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இணையப் படங்களில் அழகாகத் தெரியும் ஜோசுவா மரத்திற்கும் ஆசைப்பட வேண்டாம். அது மொகாவே பாலைவனத்து யூக்கா பிரெவிஃபோலியா. அங்குள்ள குளிர்காலம் குமரிக்கு வரப்போவதில்லை.

மீண்டும் கேள்வியாளர்: மணற்கரை வீடு

அனைவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா சொன்னதை மாமியாரிடம் படித்துக் காட்டினேன். அரசர் கதையை மட்டும் ஏற்றுக்கொண்டார். எங்கள் மண் முழுவதும் மணல். பெருமழை பெய்தாலும் அரைமணி நேரத்தில் நீர் இறங்கிவிடும். அப்படியானால் ஃபிலமென்டோசா பிழைக்குமா? ஜைஜான்டியாவை மதிலோரமும் நடலாமா? ஒரு செடியிலிருந்து பல செய்ய வழியுண்டா?

பதில்: நாகர்கோவில் மாடித்தோட்டம்

விளவங்கோட்டுத் தம்பியின் எச்சரிக்கை சரலுக்கும் களிமண்ணுக்கும் முற்றிலும் பொருந்தும். அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. உங்கள் மணலில் ஓர் அடி மேடு கட்டினால் ஃபிலமென்டோசா பிழைக்கும் என்று நம்புகிறேன். முதலில் ஒன்றே ஒன்றை நட்டு, இரண்டு மழைக்காலம் பார்த்த பிறகு வரிசையாக நடுங்கள்.

ஜைஜான்டியாவை மதிலை ஒட்டி நடாதீர்கள். பருக்கும் அடித்தண்டும் வேரும் மதிலைப் பிளக்கும். கழிவுநீர்த் தொட்டிக்கும் அதுவே ஆபத்து. 3 மீட்டர் இடைவெளி வேண்டும். கடற்காற்று நேராக முகத்தில் அறையாத கிழக்குப் பக்கமே அதற்கு ஏற்றது.

பெருக்குவது எளிது. தண்டை ஓர் அடித் துண்டுகளாக அறுத்து, வெட்டுவாய் உலரும்வரை நான்கைந்து நாள் நிழலில் போட்டு, பருமணலில் ஊன்றுங்கள். எது அடி, எது நுனி என்று அறுக்கும்போதே சுண்ணாம்பால் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டிய தாய்க்கட்டையும் பக்கத்தில் துளிர்க்கும். இதைத் தை, மாசி மாதங்களில் செய்யுங்கள். பிறகு, மேல்மண் இரண்டு விரற்கடை ஆழம் காய்ந்திருந்தால் மட்டும் நீர் விடுங்கள். கூடத்துச் செடிக்கும் இதே கணக்குதான். இலையிடுக்கில் வெண்பஞ்சுபோல் மாவுப்பூச்சி தெரிந்தால், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். மதிலோரத்து அலோயிஃபோலியாவில் தெளிக்கும்போது கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.