சர்க்கரை பைண்டர் போட்ட ராக் வூல் பலகை ஈரத்தில் தளர்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். ராக் வூல் (கல்லை உருக்கி எடுத்த இழைகளாலான வெப்பக்காப்பு) பலகை செய்கிறோம். இழைகளை ஒட்டும் பைண்டராக இருந்த பீனால்-ஃபார்மால்டிஹைடு பிசினை விட்டு, டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரையும் அம்மோனியம் சல்ஃபேட்டும் கலந்த பைண்டருக்கு மாறியிருக்கிறோம். லைனில் நிற்பவர்கள் ஃபார்மால்டிஹைடை சுவாசிக்க வேண்டியதில்லை. அதற்காகவே இதைக் கைவிட மனமில்லை.

அடுப்பிலிருந்து வரும்போது பலகை நல்ல பழுப்பாக, விறைப்பாக இருக்கிறது. ஈர அறையில் வைத்து எடுத்தால் விரல் பட்டாலே அடுக்கு பிரிகிறது. நடுவில் கிழித்துப் பார்த்தால் வெளிறிய திட்டுகள், தொட்டால் பிசுபிசுப்பு. அடுப்பு 200 டிகிரி காட்டினாலும், தண்ணீர் முழுக்க ஆவியாகும்வரை நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. சர்க்கரையைப் பழுப்பாக்கி பைண்டரை இறுக்கும் மெய்லார்ட் வினை அங்கே பாதியில் நிற்கிறது என்பது என் கணிப்பு. கல் இழையின் காரத்தன்மை பைண்டரின் அமிலத்தைத் தின்றுவிடுகிறதோ என்றும் சந்தேகம். பைண்டரை இழையோடு பிணைக்கும் சிலேன் சேர்த்துத்தான் தெளிக்கிறோம்.

இந்த லைன் ஓட்டியவர்களே, முதலில் எதில் கை வைக்கலாம்? கரைசலில் தண்ணீரைக் குறைப்பதா, கன்வேயர் வேகத்தைக் குறைப்பதா? கரைசல் கெட்டியானால் நாசில் அடைக்குமா?