புதுப்பிப்பு: சாட்டா வட்டைக் கண்டறிவதில் ஏற்பட்ட தாமதம்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் துவங்கும்போது, சாட்டா என்ற வட்டு இணைப்பு முறையில் பூட்டிய எஸ்எஸ்டியைக் (சுழலும் பாகங்கள் இல்லாத வட்டைக்) கண்டறியும் கட்டம் மட்டும் ஏன் இழுக்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது.

இணைப்பை எழுப்புவதற்காக எஸ்கண்ட்ரோல் என்ற பதிவகத்தில் (வன்பொருளிலுள்ள சிறு நினைவிடத்தில்) எழுதியபின், வட்டுகளைக் கையாளும் கெர்னல் பகுதியான லிப்ஏடிஏ 200 மில்லிநொடி வெறுமனே காத்திருக்கிறது. அதன் பிறகே, இணைப்பின் நிலையைச் சொல்லும் எஸ்ஸ்டேட்டஸ் பதிவகத்தை 5 மில்லிநொடிக்கு ஒருமுறை படித்து, நிலை 100 மில்லிநொடி மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கிறது. எழுந்தவுடனே அடுத்தடுத்துப் படித்தால் சில கட்டுப்படுத்திகள் (வட்டுகளைக் கணினியோடு இணைக்கும் சில்லுகள்) தடுமாறும் என்பதே அந்த முதல் காத்திருப்புக்குக் காரணம். என் கட்டுப்படுத்திக்கு அந்தக் குறை இல்லாததால், காத்திருப்பைத் தவிர்க்கச் சொல்லும் அமைப்பான கொடியை, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரில் அதற்கு மட்டும் இட்டேன். இப்போது கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் இணைப்பு கிடைத்த வரி முன்னதாகவே, எஸ்ஸ்டேட்டஸ் 133 என்ற மதிப்புடன் வருகிறது. அதன் கடைசி 3 வட்டு இருப்பதையும் தொடர்பு நிலைபெற்றதையும், நடு 3 இணைப்பு 6 ஜிகாபிட் வேகத்தில் அமைந்ததையும் காட்டுகின்றன.

எல்லாக் கட்டுப்படுத்திகளுக்கும் இதையே செய்யலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது என்பதே என் உறுதியான கருத்து. மின்சாரத்தைத் துண்டித்துத் துவக்குதல், மறுதுவக்கம், உறக்கத்திலிருந்து மீளுதல் ஆகிய மூன்றிலும் சோதிக்காத வன்பொருளில் இக்கொடியை இட்டால், வட்டு சில வேளைகளில் மட்டும் காணாமல் போகும்; அத்தகைய பிழையைப் பிடிப்பது மிகக் கடினம்.

வட்டுகளைச் செருகும் போர்ட்டுகள் ஒரே நேரத்தில் ஆராயப்படுவதால், மிச்சமாகும் நேரம் போர்ட்டுகளின் எண்ணிக்கைக்கேற்பப் பெருகாது. சுழல்வட்டு வேகமெடுக்கவே பல நொடிகள் ஆகும் என்பதால் அங்கே இந்த மிச்சம் கண்ணுக்கே தெரியாது.