கரிசல் தரையில் நாய்ப்பட்டிக்குச் சிலாப் பதிப்பது எப்படி? ஒருமுறை பதித்து வீணாகிவிட்டது

மானூர்க்காரன்:
வணக்கம். எங்கள் ஊர் திருநெல்வேலிக்கு வடக்கே, மானூர் பக்கம். வீட்டுக்குப் பின்னால் 25 அடி நீளம், 12 அடி அகலத்துக்குக் கம்பிவலை அடித்து இரண்டு நாய்களை விட்டிருக்கிறேன். ஒன்று கன்னி இனம், பொட்டை, 4 வயது. இன்னொன்று ராஜபாளையம் இனம், 2 வயதுக் கடுவன். நான் வயலுக்குப் போனால் பகல் முழுக்க இரண்டும் அதற்குள்தான்.

தரை அசல் கரிசல். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மழை பெய்தால் களியாகக் காலோடு வரும். அதனால் 2023 ஆகஸ்டில் ஆள் வைத்துக் கல் பதித்தேன். வந்தவர் புல்லைச் செதுக்கி, 2 இஞ்ச் எம்சாண்ட் கொட்டி, 2 அடிக்கு 2 அடி சிமெண்ட் சிலாப் 75-ஐ அடுக்கி, இடுக்கில் மணலைப் பெருக்கிவிட்டுப் போனார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. டிசம்பர் 17, 18 மழை உங்கள் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் ஒரு சிலாப் சாய்ந்து கிடக்கிறது, அடுத்தது ஒரு இஞ்ச் தூக்கி நிற்கிறது. அந்த விளிம்பில் கன்னியின் முன்னங்கால் நகம் மாட்டி, வேரோடு பெயர்ந்துவிட்டது. பதினைந்து நாள் மூன்று காலில் நடந்தது. ராத்திரி புண்ணை நக்கிக்கொண்டே இருக்கும், நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சிலாப்பை எல்லாம் பெயர்த்து வேப்பமரத்தடியில் சாத்தி வைத்திருக்கிறேன். 68 தேறும்.

திரும்பப் பதிக்க வேண்டும். எவ்வளவு ஆழம் தோண்டணும்? மூத்திர வாடை நிற்காமல் இருக்க என்ன வழி? கடப்பா கல் போடலாம் என்கிறார் மச்சான். அது சரிவருமா?

பாளை கொத்தனார்:
தம்பி, சிலாப் மேல் குற்றம் இல்லை. கரிசல் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதன்மேல் 2 இஞ்ச் மணல் போட்டால் மணலும் சேர்ந்து ஏறி இறங்கும். அந்தக் கரிசலை எடுத்தே ஆகணும்.

ஒன்றரை அடி தோண்டுங்கள். எடுத்த மண்ணை ஓரத்தில் குவிக்காதீர்கள், மழையில் திரும்ப உள்ளே வரும், வயலுக்குக் கொண்டுபோய்விடுங்கள். பிறகு சிவப்புக் கிராவல். ஒரே தட்டாக ஒரு அடி கொட்டி இடித்தால் மேலே மட்டும்தான் இறுகும். 4 இஞ்ச் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து, அதன்மேல் அடுத்த 4 இஞ்ச். இப்படி மூன்று தடவை. உங்கள் இடம் 300 சதுர அடி, ஒரு அடி உயரத்துக்கு 3 யூனிட் கணக்கு வரும், ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. இடித்தால் அமுங்கும், நாலு யூனிட்டுக்குச் சொல்லிவிடுங்கள். அதற்கு மேலே ஒன்றரை இஞ்ச் கருங்கல் சல்லி, 4 இஞ்ச் கனத்துக்கு. சிலாப் பதித்து முடித்தால் தளம் சுற்றுத்தரையை விட ஒன்றரை இஞ்ச் உயரமாக நிற்கும், நிற்கணும்.

வாட்டம், அதாவது தண்ணீர் வடிகிற சரிவு, கிராவலிலேயே வந்துவிடணும், கடைசியில் சாந்தைக் கூட்டிக் குறைத்து வாட்டம் காட்டுகிறவரை நம்பாதீர்கள். அடிக்கு கால் இஞ்ச். நீளவாக்கில் விட்டால் தண்ணீர் 25 அடி ஓடணும், குறுக்கே விடுங்கள். 12 அடிக்கு 3 இஞ்ச் இறக்கம், தாழ்ந்த பக்கம் நெடுக ஒரு வாய்க்கால். ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) போட்டு முளையடித்து நூல் கட்டிய பிறகுதான் சாந்து குழைக்கணும். வேலிக்கால்களையும் சிலாப்புக்கு முன்னாலேயே ஊன்றிவிடுங்கள்.

சாந்து ஒன்றுக்கு ஆறு (ஒரு பங்கு சிமெண்ட், ஆறு பங்கு மணல்), ஒன்றரை இஞ்ச் கனம், சிலாப் முழுக்கப் படியணும். நாலு மூலையில் ஒரு உருண்டை, நடுவில் ஒரு உருண்டை வைத்து அமுக்குகிற வேலை வேண்டாம். பதித்த மறுநாள் சுத்திக் காம்பால் ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் ஓசை அடங்கி ஒலிக்கும், பொள்ளலாக இருந்தால் காலிப்பானையைத் தட்டின மாதிரி கேட்கும். பொள்ளலில் மூத்திரம் இறங்கித் தேங்கினால் என்ன கழுவினாலும் வாடை போகாது, தேளும் குடியேறும். அப்படிப் பொள்ளலாகக் கேட்ட சிலாப்பைப் பெயர்த்துத் திரும்பப் பதிக்கச் சொல்லுங்கள். இடுக்குக்கு ஒன்றுக்கு மூன்று கலவை, அரை இஞ்ச் அகலம்.

ஆலங்குளம் அக்கா:
தம்பி, கன்னிக்கு நகம் பெயர்ந்ததைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. நான் 11 வருஷமாகச் சிப்பிப்பாறை நாய் வளர்க்கிறேன்.

கடப்பா வேண்டாம். கறுப்புக் கல், சித்திரை வெயிலை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும், வழவழப்பாக வாங்கினால் ஈரத்தில் வழுக்கவும் செய்யும். உங்கள் புறங்கையைத் தளத்தில் வைத்துப் பாருங்கள். ஏழு எண்ணும் வரை வைக்க முடியவில்லை என்றால் நாய்க்கும் முடியாது. சிமெண்ட் சிலாப்பும் சுடத்தான் செய்யும், மேற்குப் பக்கம் பனையோலைப் பந்தல் கட்டாயம் போடுங்கள்.

கன்னி உடம்பில் சதை கிடையாது. கெட்டித் தரையிலேயே படுத்தால் முழங்கையில் முடி உதிர்ந்து, தோல் காய்த்து, சமயத்தில் நீர் கோத்துக்கொள்ளும். என் முதல் நாய்க்கு அப்படி ஆன பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. ஒரு கயிற்றுக்கட்டில் போட்டுவிடுங்கள். இன்னொன்று, முழு இடத்துக்கும் சிலாப் வேண்டாம். ஒரு ஓரத்தில் 6 அடி மண்ணாகவே விடுங்கள், அவற்றுக்கும் பறிக்க ஒரு இடம் வேண்டாமா?

உண்ணி நாய் மேல் முட்டையிடாது. ரத்தம் குடித்து ஊதியதும் கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கல் இடுக்கிலும் போய் ஆயிரக்கணக்கில் இடும். அதனால் கொத்தனார் அண்ணாச்சி சொன்னபடி இடுக்கை அடையுங்கள். ப்ளீச்சிங் பவுடர் போடுவதாக இருந்தால் முதலில் மூத்திரத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். இரண்டும் கலந்தால் வரும் புகை நமக்கும் ஆகாது, நாய்க்கும் ஆகாது.

பாளை கொத்தனார்:
அக்கா சொல்வது சரி. மண் விடுகிற 6 அடியை மேட்டுப் பக்கத்தில் விடாதீர்கள், மழைக்கு மண் கரைந்து சிலாப் மேல் ஓடும். கீழ்க்கோடியில் விட்டு, நடுவில் ஒரு அடி ஆழத்துக்குச் செங்கல் வரிசை ஒன்று கட்டிவிடுங்கள். இல்லையென்றால் பறித்துப் பறித்துச் சிலாப்புக்கு அடியில் போய்விடும். முக்கியமாக ஒன்று, பச்சைச் சிமெண்ட் பாதத்தைப் பொத்துவிடும். ஏழு நாள் சாக்கு போட்டு நனையுங்கள், அதுவரை நாய்களைக் கட்டி வைத்தாலும் பரவாயில்லை.

மானூர்க்காரன்:
அண்ணாச்சி, அக்கா, மார்கழியில் திரும்ப வந்திருக்கிறேன். ஆடியில் வேலையை முடித்தேன். கிழக்கு ஓரம் 4 அடி மண்ணாக விட்டதால் 50 சிலாப்பே போதும் என்றாகிவிட்டது. மறுநாள் தட்டியதில் மூன்று பொள்ளல். கொத்தனார் முகம் சுளித்தார், ஆனாலும் பக்கத்தில் நின்று மாற்ற வைத்தேன்.

ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாத மழையும் போய்விட்டது. இன்று காலை ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், ஒரு சிலாப்பும் அசையவில்லை. வாய்க்கால் தண்ணீர் வாழைக்குப் போகிறது. நாய் மலத்தை முதலில் அள்ளிவிட்டுத்தான் கழுவுகிறேன். ராஜபாளையம் மண் ஓரத்தில் முழங்கால் ஆழம் பறித்து அதிலேயே படுத்துக்கிடக்கிறது. கன்னி கட்டிலை விட்டு இறங்குவதில்லை. நகம் முளைத்துவிட்டது, கொஞ்சம் கோணல்.

கதவு பக்கம் மட்டும் ஒரு மூலையில் அரை விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. அந்த ஒரு சிலாப்பை மட்டும் எடுத்துப் பதித்தால் போதுமா, அண்ணாச்சி?

பாளை கொத்தனார்:
போதும் தம்பி. சுற்றி இடுக்குக் கலவையை உளியால் மெதுவாக வெட்டுங்கள், பக்கத்துச் சிலாப் விளிம்பு சிதறாமல். தை பிறந்து வெயில் வந்ததும் செய்யுங்கள்.